சூரியன் மீது போட்ட பழி

"காலநிலை எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? பனியுகம் வந்தது, போனது. அப்போது யார் கார் ஓட்டினார்கள்?" தொலைக்காட்சி விவாதங்களிலும், கைபேசியில் வந்து விழும் காணொலிகளிலும் இந்தக் கேள்வி ஓயாமல் கேட்கிறது. விவரம் தெரியாமல் கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம். ஆனால் பணம் செலவழித்து இதை ஊரெங்கும் பரப்பியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த உண்மையைக் கொண்டு தாங்கள் பொய் சொல்கிறோம் என்பதும் தெரியும். தன் குற்றத்தை இயற்கையின் தலையில் கட்டும் இந்தச் செயலை நாம் கண்டிக்கிறோம். செய்தவர்களைக் குற்றவாளிகள் என்றே அழைக்கிறோம்.

இது புதிய தந்திரமும் அன்று. தமிழ் மண்ணில் ஒருமுறை அரங்கேறியதுதான்.

1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று பெயர் பெற்ற அந்தக் கொடுமை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. தென்னிந்தியாவைப் பிடித்து மேற்கிலும் வடக்கிலும் பரவி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதே காலத்தில் வட சீனத்திலும் வடகிழக்கு பிரேசிலிலும் வயல்கள் காய்ந்தன. காரணம் இன்று தெரிகிறது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ அந்த முறை மிகக் கடுமையாக இருந்தது. கடல் சூடு இடம் மாறினால் மேலெழும் காற்றும் இடம் மாறும். காற்று மாறினால் இந்தியாவுக்கு வரவேண்டிய மேகம் வேறெங்கோ போய்விடும்.

மழை பொய்த்ததற்கு லண்டன் பொறுப்பல்ல. பட்டினிச் சாவுக்குப் பொறுப்பு. ஊரில் தானியம் இல்லாமல் போகவில்லை. அதை வாங்க மக்கள் கையில் காசு இல்லாமல் போனது. பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனதைக் கொண்டாட டெல்லியில் தர்பார் நடத்தினார் வைஸ்ராய் லிட்டன். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காத்தவர் இந்த டெம்பிள். காத்ததற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அன்று, ஊதாரி என்ற வசவு. அந்த வசவைத் துடைக்கும் முனைப்போடு வந்தவர், நிவாரணப் பணியில் கல்லுடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் மனித உடம்பு தாங்காது என்று எழுத்து மூலமாகவே எச்சரித்தார். எச்சரிக்கை காதில் ஏறுவதற்குள் முகாம்களில் பிணங்கள் விழுந்தன.

அந்த 1877-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வந்தது. எழுதியவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர். தென்னிந்தியாவில் வறட்சியும் பஞ்சமும் சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுழற்சியோடு சேர்ந்து வருகின்றன என்பது அவர் வாதம். சென்னையில் பதிவான மழைக் கணக்கையே சான்றாகக் காட்டினார். ஹீலியத்தை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்து எழுதினார். இருவரும் பொய்யர்கள் அல்லர், தேடல் உண்மையானதுதான். ஆனால் பட்டினிக்குக் காரணம் தேடித் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிய ஓர் அரசுக்குத் தன் கோட்டையில் இருந்த செலவுக் கணக்கு கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வானம் குற்றவாளி என்றால் வைஸ்ராய் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

அந்தத் தேடலால் நமக்கு ஒரு நன்மையும் விளைந்தது. சென்னை மாகாணத்தின் வறட்சிகளுக்குப் பிறகு, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டு, 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையிலிருந்து சூரியனின் முகத்தைப் படம் பிடித்து வருகிறார்கள். உலகில் இவ்வளவு நீண்ட சூரியப் பதிவு வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. பருவமழையின் முடிச்சை அவிழ்க்கும் நூல் வேறு பக்கம் கிடைத்தது. இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கணித மேதை கில்பர்ட் வாக்கர், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஓரிடத்தில் ஏறினால் மற்றதில் இறங்குவதைக் கண்டார். எல் நினோவைப் புரிந்துகொள்ள வழி திறந்தது அங்கேதான்.

சரி, சூரியன் என்ன சொல்கிறது? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஒளியாற்றலை நேரடியாக அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது கூடிக் குறைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நீண்ட காலப் போக்கைப் பார்த்தால் ஏற்றமே இல்லை. ஏற்றமில்லாத அந்த ஆண்டுகளில்தான் பூமியின் வெப்பம் விறுவிறுவென்று ஏறியது. இன்னொரு தடயம் இதைவிட அழுத்தமானது. சூரியன்தான் சூடேற்றுகிறது என்றால் வளிமண்டலம் அடி முதல் மேல் வரை சூடேற வேண்டும். நடப்பது வேறு: கீழே சூடேறுகிறது, மிக உயரத்தில் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-இலேயே காலநிலை அறிவியலாளர்கள் மனாபே, வெதரால்டு இருவரும் கணித்துச் சொல்லியிருந்தார்கள். மனாபேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2021-இல்.

இயற்கையை மறுத்துப் பேசும் கட்டாயம் நமக்கு இல்லை. பூமியின் காலநிலை எத்தனையோ கைகள் சேர்ந்து வனைந்தது. வளிமண்டலத்தில் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைத் தக்கவைக்கவில்லை என்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியாக இருந்திருக்கும். இருப்பதால் 15 டிகிரியை ஒட்டி நாம் உயிர் வாழ்கிறோம். எரிமலை உமிழும் கந்தகத் தூசு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். 1991-இல் பிலிப்பைன்சில் பினடூபோ வெடித்தபோது உலகமே சுமார் அரை டிகிரி குளிர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. கண்டங்கள் நகர்ந்து கடல்நீரோட்டங்களின் வழியை மாற்றும். மலைகள் எழுந்து மழையில் கரையும்போது காற்றிலிருந்த கரியமிலம் கல்லோடு கல்லாகிக் கடலடியில் படியும். அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

பனியுகங்களின் கதையை அவிழ்க்கத் தொடங்கியவர் கிளாஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தின் காவல் பணியாளர் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஜேம்ஸ் க்ரோல் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்ததே அங்கிருந்த நூலகத்துக்காகத்தான் என்று சொல்லத் தோன்றும், அப்படிப் படித்தார். 1864-இல், பூமியின் சுற்றுப்பாதை நீண்டு குறுகுவதும் அச்சு தள்ளாடுவதும்தான் பனியுகங்களை வரவழைக்கின்றன என்று எழுதினார். பிறகு செர்பியரான மிலன்கோவிச், முதல் உலகப் போரில் எதிரி நாட்டில் சிறைப்பட்டு, விடுவிக்கப்பட்டும் புடாபெஸ்ட்டைத் தாண்ட அனுமதி இல்லாத நிலையில், அங்கிருந்த நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கை முழுமையாக்கினார். 1976-இல் கடலடிச் சேற்றில் அவருடைய சுழற்சிகளின் தடம் கிடைத்தது: ஒரு லட்சம் ஆண்டு, 41 ஆயிரம் ஆண்டு, 23 ஆயிரம் ஆண்டு. கையில் காசில்லாதவரும் கைதியும் உண்மையைத் தேடி அலைந்த கதை இது. பணமும் உண்மையும் சேர்ந்தே கையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

கடைசிப் பனியுகத்தின் உச்சம் சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். உலகம் இன்றைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ந்திருந்தது. நீரெல்லாம் பனியாக நிலத்தில் நின்றதால் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது கடல் அன்று, நிலம். தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த உலகம் கரைந்து இன்றைய உலகம் ஆனபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கிலிருந்து 270 பங்கை ஒட்டி ஏறியது. அந்த 80 பங்கு ஏற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது. ஒரு மனிதர் பிறந்து ஓய்வூதியம் வாங்கும் காலத்துக்குள், பனியுகம் முடிய இயற்கை சேர்த்ததைவிட அதிகமாகச் சேர்த்துவிட்டோம். அண்டார்டிகாவில் தோண்டியெடுத்த பனிக்கட்டிகளில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கைச் சொல்கின்றன. அதில் எங்கேயும் 300-ஐத் தாண்டிச் சென்ற தடம் இல்லை.

இந்தக் கரியமிலம் எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே என்பார்கள். எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கார்பனில் கதிரியக்கக் கார்பன் முழுக்க அழிந்திருக்கும். அப்படிப்பட்ட பழைய கார்பன் காற்றில் கலந்து வருவதை வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே மரங்களில் அளந்து காட்டினார். புகையில் நம் கைரேகை இருக்கிறது. சூரியன், எரிமலை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய வெப்ப உயர்வில் இயற்கையின் பங்கு ஏறத்தாழச் சுழியம் என்கிறது. பனியுகத்தை வைத்து வாதாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுற்றுப்பாதையில் நேர்ந்த ஒரு சிறு சாய்வும் கொஞ்சம் கரியமிலமும் பூமியை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது என்றால், பூமி எளிதில் ஆட்டம் காணக்கூடியது என்பதே அதன் பொருள். பழைய காலநிலை மாற்றங்கள் ஆறுதல் சொல்லவில்லை, எச்சரிக்கின்றன.

இனி, தெரிந்தே செய்தவர்கள்.

தாது வருடம் கழிந்து நூறாண்டு ஆன 1977-இல், எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் மேலிடத்தினர் முன் அதன் மூத்த அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் போய் நின்றார். எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடேறும், மனிதர் காலநிலையை மாற்றுவதற்கு இதுவே வாய்ப்புள்ள வழி என்று விளக்கினார். நிறுவனம் அவரை விரட்டவில்லை. அக்கறையோடு ஆராய்ச்சி தொடங்கியது. 1979-இல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற தன் எண்ணெய்க் கப்பலில் கருவிகளைப் பொருத்திக் கடலிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளந்தது. 1982-இல் நிறுவனத்துக்குள் சுற்றிவந்த ஓர் அறிக்கையில் வரைபடம் ஒன்று இருந்தது. 2020 வாக்கில் கரியமில வாயு எந்த அளவில் இருக்கும், வெப்பம் எவ்வளவு கூடியிருக்கும் என்று அதில் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு நடந்ததை அப்படியே ஒட்டிப் போகிறது. எக்சான் அறிவியலாளர்களின் கணிப்புகளை எடுத்துச் சோதித்து 2023-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, அவற்றில் 63 முதல் 83 விழுக்காடு துல்லியமாகப் பலித்ததாகச் சொல்கிறது. பத்தாண்டுக்கு 0.2 டிகிரி என்று எழுதிவைத்திருந்தார்கள். அப்படியேதான் நடந்தது.

எண்ணெய் நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு உண்மையைச் சொன்ன அந்த அறிவியலாளர்களுக்கு நம் மரியாதை உரியது. நிறுவனத்துக்கு அல்ல. 1997-இல் கியோட்டோவில் காலநிலை ஒப்பந்தத்துக்காக நாடுகள் கூடவிருந்த சில வாரங்களுக்கு முன், எக்சானின் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங்கில் உலக பெட்ரோலிய மாநாட்டில் பேசினார். இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடப் பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். காலநிலை எப்போதும் இயற்கையாக மாறிவந்திருக்கிறது என்றார். வளரும் நாடுகள் அவசரப்பட்டு எதையும் ஏற்க வேண்டாம் என்று அறிவுரை வேறு. தன் வீட்டு அலமாரியில் அந்த வரைபடம் இருக்கும்போது இதைப் பேசினார்! தொழில் கூட்டமைப்புகள் வழியாகவும் நாளிதழ் விளம்பரங்கள் வழியாகவும் சந்தேகம் தொடர்ந்து விதைக்கப்பட்டது. சூரியனைக் குற்றம் சாட்டிக் கட்டுரை எழுதியவர்களுக்கு எண்ணெய்ப் பணம் போன கதையும் பின்னால் வெளிவந்தது.

நிறுவனம் இதை மறுக்கிறது; ஆவணங்களிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறார்கள் என்கிறது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக நியூயார்க் மாநில அரசு தொடுத்த வழக்கில் 2019-இல் எக்சானே வென்றது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் காலநிலை மாற்றத்துக்கான பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிப்பதாக இந்தத் தீர்ப்பைக் கொள்ளக் கூடாது என்று அந்த நீதிபதியே எழுதிவைத்தார். பங்குச் சந்தைச் சட்டம் அளக்கும் குற்றம் வேறு. உலகத்துக்கு முப்பது ஆண்டுகள் கிடைத்திருக்க வேண்டும். அதைத் திருடியவர்கள் யார் என்பதற்கு எந்தச் சந்தைச் சட்டமும் பதில் சொல்லாது. மெல்ல மாறியிருக்கலாம், குறைந்த செலவில் மாறியிருக்கலாம், ஏழை நாடுகள் மூச்சுவிட்டு மாறியிருக்கலாம். அந்த அவகாசத்தைத்தான் பறித்தார்கள். அறியாமல் செய்த தீங்குக்கு மன்னிப்பு உண்டு. இவர்களுக்கு இல்லை.

அமெரிக்க அரசு இதையும் தாண்டிப் போய்விட்டது. பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகியது. பசுமைக்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்று 2009-இல் தன் சொந்தச் சுற்றுச்சூழல் முகமை எடுத்த முடிவையே ரத்து செய்ய 2025 ஜூலையில் முன்மொழிந்தது. மவுனா லோவா அளவீட்டை நடத்தும் ஆய்வகத்துக்கான பணத்தை நிறுத்தவும் அதன் நிதிநிலைத் திட்டம் முயன்றது. அன்றைய பேரரசு பழியை வானத்தின் மேல் போட்டாலும், வானத்தைப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடமாவது கட்டிக்கொடுத்தது.

நம்மைப் பற்றிப் பேசாமல் இந்தத் தீர்ப்பு முழுமை பெறாது. இதுவரை மனிதர் காற்றில் சேர்த்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு கிட்டத்தட்டக் கால்வாசி. இந்தியாவின் பங்கு நூற்றில் மூன்றை ஒட்டி. சராசரி அமெரிக்கர் விடுவதில் ஏழில் ஒரு பங்குதான் சராசரி இந்தியர் விடுகிறார். இந்தக் கணக்கை இந்தியா எந்த அவையிலும் தலை நிமிர்ந்து சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஆண்டுக் கணக்கில் நாம் இன்று உலகில் மூன்றாமிடம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தபோது, அமெரிக்காவின் வரலாற்றுப் பொறுப்பு அந்த மீனவருக்கு என்ன பதில் சொல்லும்?

இயற்கையைச் சாக்குச் சொல்லும் பழக்கம் நம் ஆட்சியாளர்களுக்கும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அதுவும் கடுமையான எல் நினோ ஆண்டுதான். தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும் அதே எல் நினோ வடகிழக்குப் பருவமழைக்கு வலுவூட்டுவது வழக்கம். நூற்றாண்டு காணாத மழை என்றார்கள், பருவநிலை மாற்றம் என்றார்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்த விதத்தைக் குறைகூறி, அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் கொடுத்துவிட்டு மேகத்தை நொந்துகொள்வதில் நியாயமில்லை. எண்ணெய் நிறுவனத்துக்குச் சொன்ன தீர்ப்பு, அளவில் சிறியதானாலும், இங்கே அனுமதிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் பொருந்தும்.

2025 ஜூலை 23 அன்று தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமை குறித்துத் தன் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது. வழக்கைத் தூண்டியது வனுவாட்டு என்ற சிறிய தீவு நாடு. யோசனையை முதலில் முன்வைத்தவர்கள் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள். காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டப்படியான கடமை, புதைபடிவ எரிபொருள் தோண்ட உரிமம் வழங்குவதும் மானியம் தருவதும்கூடச் சர்வதேசச் சட்டத்தை மீறும் செயலாகலாம், இழப்பீடு கேட்கவும் இடமுண்டு என்றது நீதிமன்றம். அந்த விசாரணையில் இந்தியா பணக்கார நாடுகளின் பொறுப்பைச் சரியாகவே சுட்டியது. ஆனால் இப்போதுள்ள காலநிலை ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமை எதையும் சுமத்த வேண்டாம் என்றும் வாதிட்டது. அமெரிக்காவும் சவுதி அரேபியாவும் ஏறக்குறைய அதே வரிசையில் நின்றன. வனுவாட்டுவின் பக்கம் நிற்க வேண்டிய நாடு, மானமுள்ள எந்தப் பஞ்ச பூமியும் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. ஒப்பந்தங்களே போதும் என்ற அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.